இரண்டு மணி நேரத்தில் மலை தாண்டிய மகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நீங்கள் கண்ணை மூடிய மறு வருஷம், உங்கள் மூன்று வயது மகளை வளர்க்க இந்த வீட்டுக்கு வந்தவள் நான். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாள் பிழைத்து வந்துவிட்டாள். உள்ளே தூங்குகிறாள். அவளுக்கு இது எட்டாம் மாசம்.

நான்கு வருஷத்துக்கு முன் அவளை ரங்கூனில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தோம். போன மார்கழியில் அங்கே ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் ஊர் என்னைத்தான் பேசியது. "பெத்தவளா இருந்தா கடல் தாண்டிக் குடுத்திருப்பாளா?" என்று என் காதுபடவே கேட்டார்கள்.

பங்குனியில், அவர்கள் தப்பிப் போயிருந்த மாண்டலேயிலிருந்து ஒரு தந்தி வந்தது. கப்பல் இல்லை, இருவரும் மலைவழியாக நடந்து வருகிறோம் என்றிருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு நடையா?

மூன்றாம் நாள் இன்னொரு தந்தி. வங்காளத்துச் சிட்டகாங் வந்துவிட்டேன், சுகம் என்று பேச்சியம்மாள் கொடுத்திருந்தாள். நம் வீட்டுக்காரர் நம்பவே இல்லை. உத்தமபாளையம் தபாலாபீசுக்கே போய்ச் சத்தம் போட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"முந்தாநேத்து மாண்டலேயில இருந்த புள்ள இன்னிக்கு எப்படிய்யா அங்கன இருப்பா? எவனோ மாத்தி அடிச்சுட்டான்!"

போஸ்ட்மாஸ்டர் சுவரில் தொங்கிய தேசப்படத்தில் விரலால் அளந்து பார்த்தார். "ஏரோப்ளேன்ல ஏத்தி விட்டிருப்பாக. ஆகாச வழியில முந்நூறு மைலுக்குள்ளதான். ரெண்டு மணி நேரம் போதும்."

"மதுரைக்குப் போறதுக்கே நமக்கு அரை நாள் ஆகுது!" என்றார் இவர். ஆனாலும் குரல் இறங்கிவிட்டது. நான் தபாலாபீஸ் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எத்தனை நாள் அழுகை அது!

சிட்டகாங்கிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி, பதினோராம் நாள் பேச்சியம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பிள்ளைத்தாய்ச்சிகளை முதலில் ஏரோப்ளேனில் ஏற்றினார்களாம். "ரெண்டே மணி நேரம், சின்னாத்தா. வாந்தி எடுத்து முடிக்கிறதுக்குள்ள இறக்கி விட்டுட்டாக" என்று சிரித்தாள். உடனே முகம் சுருங்கியது. "நான் தாண்டின மலையில அவுக இன்னும் நடந்துக்கிட்டிருக்காக."

மாப்பிள்ளைக்கு அந்த மலை நாற்பது நாளுக்கு மேல் பிடித்தது. போன வாரம்தான் வந்து சேர்ந்தார். கால் இரண்டும் வீங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை. இவள் வெந்நீர் வைத்துக் கொண்டுபோய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகுதான், அக்கா, எனக்கு மூச்சு சீராக வந்தது.

நேற்று மாப்பிள்ளை, "சண்டை முடிஞ்சதும் திரும்பப் போயிக் கடையத் திறக்கணும்" என்றார். நம் வீட்டுக்காரர் தலையாட்டினார். பேச்சியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் பேசியதில் பாதி பொய். நல்ல இடம் என்று நம்பித்தான் கொடுத்தேன். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வரும்போது என்னையும் யாரும் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ, கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இனி கேட்பேன். போகிறேன் என்றால் நானே மூட்டை கட்டிக் கொடுப்பேன். மாட்டேன் என்றால், எதிரே எத்தனை பேர் நின்றாலும் அவள் பக்கம் நான் நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மகளுக்குச் சின்னாத்தா,
உங்களுக்குத் தங்கை.