இலைச்சாறு போட்ட வட்டம்

ஜூன் 9

அன்புள்ள நெட்டைக்கு,

நலம்தானே? புது வேலைக்குப் போய் இத்தனை நாளாகியும் ஒரு வரி இல்லை. போனில் என்னை நீ எங்கே பேச விடுகிறாய்! அதனால்தான் கடிதம். பதில் வராவிட்டால் அங்கேயே வந்து உதைப்பேன்.

ஆய்வகத்தில் உன் ஸ்டூலில் யாரையும் உட்கார விடவில்லை. நீ இருந்தவரை கழுவும் தொட்டி உன் ராஜ்ஜியம், ஒரு சோதனைக் குழாய்க்கு அரைப் பாட்டில் சோப்பு. இனி அந்த வேலையும் என் தலையில். ஆனாலும் காலையில் வந்து, கிருமித் தட்டுகளை வளர வைக்கும் இன்குபேட்டரைத் திறக்கும் அந்த நிமிடத்துக்காக எத்தனை குழாய் வேண்டுமானாலும் கழுவலாம். தட்டு முழுக்கக் கிருமி பாலாடை போலப் படர்ந்திருக்கும், நம் இலைச்சாறு சொட்டிய இடத்தில் மட்டும் கிருமி செத்துச் சுத்தமாக ஒரு வட்டம் விழுந்திருக்கும்.

சுவரில் மாட்டிய விஞ்ஞானிகள் படங்களிலிருந்து நம் ரேடியம் அம்மாவும் சோளக்கதிர் அம்மாவும் என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்தில், உன் புது ஆய்வகத்தை நடத்தும் மேடம் படத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஆய்வேட்டுக்காக இலைச் சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்யப் போகிறேன்.

உன் கொசு

ஜூன் 21

அடி கொசு,

உதைக்க வராதே, எழுதிவிட்டேன்.

படத்தில் மேடம் ராணி மாதிரி இருப்பார். இங்கே தலைமுடியில் பென்சிலைச் செருகிக்கொண்டு எல்லார் தட்டையும் வாங்கி வாங்கிப் பார்க்கிறார். ஒருவர் “வளர்ந்திருக்கும் மேடம்” என்றார். “வளர்ந்திருக்குமா, வளர்ந்துச்சா?” என்று மேடம் திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான், மனுஷர் இன்குபேட்டரைப் பார்க்க ஓடினார்.

என்னிடம், “உன் இலைதான்மா உன்னை இங்க கொண்டு வந்துச்சு” என்றார். அடுத்த மாதம் எல்லார் முன்னாலும் அதைப் பற்றி நான் பேச வேண்டும். பயத்தில் இப்போதே ஒத்திகை பார்க்கிறேன். சந்தோஷத்திலும்தான்.

உன் நெட்டை

ஜூன் 28

அன்புள்ள நெட்டைக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் இலையில் ஒன்றும் இல்லை.

இலைச்சாற்றை நீ கழுவிய குழாயில்தான் எடுப்போம்; ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் வெறும் தண்ணீரை மட்டும் எப்போதும் பாட்டிலிலிருந்து நேராக எடுப்பேன். இந்த முறை, நீ கழுவி அடுக்கிவிட்டுப் போன குழாய் ஒன்றில் ஊற்றி எடுத்தேன். தண்ணீருக்கும் வட்டம் விழுந்தது! முதலில் சிரித்தேன். பிறகு எல்லாக் குழாய்களையும் நன்றாக அலசி மறுபடி செய்தேன். தண்ணீருக்கும் வட்டம் இல்லை, இலைச்சாற்றுக்கும் இல்லை. கிருமியைக் கொன்றது குழாயில் ஒட்டியிருந்த சோப்பு.

கழுவியது நீ, தண்ணீரைத் தனியாக எடுத்தது நான். தப்பு பாதிப் பாதி. பேச்சுக்கு முன்னால் மேடத்திடம் நீயே சொல்லிவிடு. இலையைப் பற்றி ஆய்விதழுக்கு அனுப்பப்போகும் கட்டுரையில் என் பெயரும் இருப்பதால், நம் பேராசிரியரிடம் நான் சொல்லியாக வேண்டும். உன் பதில் வரும்வரை பொறுக்கிறேன்.

கொசு

ஜூலை 2

கொசுவுக்கு,

இந்த இடத்துக்கு நீயும்தான் விண்ணப்பித்தாய். உனக்குக் கிடைக்கவில்லை. இத்தனை நாள் வராத சந்தேகம் நான் கிளம்பியதும் வந்துவிட்டதா?

வருஷக் கடைசியில் என் வேலை உறுதியாகிவிடும். அதுவரை வாயைத் திறக்காதே, பிறகு நானே சொல்கிறேன். அப்பா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறார். என் வாயில் மண்ணைப் போடாதே.

நெட்டை

ஜூலை 6

அன்புள்ள நெட்டைக்கு,

பொறாமை உண்டு. இல்லை என்றால் பொய். உனக்குக் கிடைத்த அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அதனால் என் கண்ணை நானே நம்பவில்லை. எது இலைச்சாறு, எது தண்ணீர் என்று சொல்லாமல், அலசிய குழாய்களை ஜூனியரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னேன். “அக்கா, எதுலயுமே வட்டம் இல்லையே, நான் ஏதாவது சொதப்பிட்டேனா?” என்று பயந்துபோய்க் கேட்டாள். பாவம், அவள் சரியாகத்தான் செய்திருந்தாள்.

இன்று பேராசிரியரிடம் சொன்னேன். கட்டுரையை நிறுத்திவிட்டார். மேடத்துக்கு அவர் எழுதமாட்டார், நானும் எழுதமாட்டேன். அங்கே சொல்ல வேண்டியது நீ.

என்றும் உன் கொசு

ஜூலை 24

கொசுவுக்கு,

பத்து நாளைக்கு முன்னால் பேச எழுந்தேன். மேடம் முன்வரிசையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டு அந்த வட்டத்தைக் காட்ட என்னால் முடியவில்லை. இது இலை இல்லை, சோப்பு என்று சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

“கண்டுபிடிச்சது யாரு?” என்றார். உன்னைச் சொன்னேன். ஜூனியரிடம் மறைத்துக் கொடுத்ததையும் சொன்னேன்.

மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். “நீ மறைக்காம சொன்னது நல்லதும்மா. ஆனா அந்த இலைக்காகத்தான் உனக்கு இடம் குடுத்தேன், இப்ப அந்த வேலையே இல்ல. இந்த மாசத்தோட போதும். வேற ஒரு வேலைக்கு ஆள் வேணும், அந்தப் பொண்ண எனக்கு எழுதச் சொல்லு” என்றார்.

இதை உன்னிடம் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை நாள் சொல்லாமல்தான் இருந்தேன். நேற்று என் மேசையைக் காலி செய்தபோது அதில் யாரோ ஒருத்தி உட்காரத்தானே போகிறாள் என்று தோன்றியது. ஜன்னலோர மேசை, வெளிச்சம் நன்றாக வரும்.

மேடத்துக்கு உடனே எழுது. எனக்கு எழுதாதே. உன் மேல் கோபம் ஆறினால் நானே எழுதுவேன்.

நெட்டை