விழுந்து கொடுத்தது

தியாகதுருகம்
27.2.2001

அன்புள்ள மகன் சின்னராசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் ஓரளவு சுகம். அஸ்ஸாம் குளிரில் நீ காதை மூடிப் படுக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி.

உன் மேல் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. பட்டாளத்தில் நீ ஜூடோ பழகினாய் சரி, தங்கச்சி அமிர்தத்துக்கும் அந்த வெள்ளை உடுப்பைப் பார்சலில் அனுப்பி ஆசை காட்டுவானேன். ஜூடோ சொல்லிக்கொடுக்கிற வீரமுத்து மாஸ்டர் கள்ளக்குறிச்சியிலிருந்து சனிக்கிழமை மட்டும்தான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். மற்ற நாளில் சட்டையைப் பிடித்து இழுக்க எதிரில் ஓர் ஆள் வேண்டுமாம். கூடப் படிக்கிற பெண்களை வீட்டில் விடவில்லை, அப்பாவுக்கு இடுப்புவலி, கடைசியில் அகப்பட்டவள் நான். கரும்பு வெட்டுகிற ஆட்களுக்குச் சோறு வடித்துவிட்டு, களத்தில் வைக்கோல் பரப்பி மேலே படுதா விரித்து, புடவை மேல் அப்பாவின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் அமிர்தத்திடம் விழுந்து விழுந்து எழுந்தேன். முதல் நாள் பக்கத்து வீட்டு ஜெயம்மாள் ஓடிவந்து, "இன்னாடி இது, பெத்தவளைப் போட்டு அடிச்சிக்கினு கீறே" என்று அவள் கையைப் பிடித்துவிட்டாள். ஒரு மாதம் இப்படியே போனது.

பதினேழாம் தேதி விழுப்புரத்தில் போட்டி. அமிர்தத்துக்கு எதிரில் கரியாலூரிலிருந்து வந்த பெண், இவளைவிட ஒல்லி. இவள் காலைத் தட்டினாள், அந்தப் பெண் அசையவில்லை. மறு நொடி இவள் மல்லாக்கக் கிடக்கிறாள். நான் கைப்பையைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கா விடியலில் எழுந்து பஸ் ஏறினோம் என்று ஆத்திரம் தாங்காமல் மாஸ்டரிடமே கேட்டேன். அவர் இவளிடம் யாரோடு பழகுகிறாய் என்றார், அம்மாவோடு என்றாள். உடனே என் பக்கம் திரும்பி, "நீங்களே வுழுந்து குடுத்துக்கினு இருந்தீங்களாம்மா" என்று கேட்டார். உண்மைதான் சின்னராசு. அவள் கால் படுமுன்னே நான் சாய்ந்துவிடுவேன். பிள்ளை முகம் வாடக்கூடாது, எனக்கும் அடுப்பு வேலை காத்திருக்கும். அவளோ தன் பலம் என்றே நினைத்திருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஒரு வாட்டி கூட நானா உன்னைத் தள்ளலியாம்மா" என்றாள்.

மறுநாளிலிருந்து காலை ஊன்றி நின்றேன். சுமை தூக்கிப் பழகிய கால், அவளால் நகர்த்த முடியவில்லை. எட்டு நாள் அழுகை, என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. "வுட்டுக் குடேன், கொயந்த ஏங்கிப் போவுது" என்று அப்பா என்னைத்தான் திட்டினார். ஆனாலும் நான் விழவில்லை. நேற்று சாயங்காலம் சட்டை இழுபட்டது தெரிந்தது, அடுத்தாற்போல் வானம் தெரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் இவள் நம்பாமல், "நீயா வுழுந்தியா, நீயா வுழுந்தியா" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறாள். உன் மேல் சத்தியம் செய்த பிறகுதான் பல் தெரியச் சிரித்தாள்.

ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் உன்னைக் காப்பாற்றட்டும். தங்கச்சிக்குத் தனியாக நாலு வரி எழுது, மறக்காதே. உட்கார முடியாமல் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மா
தைலம்மாள்