முதல் சுற்றைச் சொல்பவன்

மார்ச் 5, ஞாயிறு

போர்முலா வன் கார்ப் பந்தயப் பருவம் இன்று தொடங்கியது. இருபது வருடத்துக்கு மேலாகப் பார்க்கிறேன். பருவத்தின் முதல் பந்தயத்திலேயே கொட்டாவி விட்டது இதுதான் முதல் தடவை.

போன வருடம் வென்றவனே இன்றும் முன்னால் போனான். கொஞ்ச நேரத்தில் கமெராகூட அவனைக் காட்டுவதை விட்டுவிட்டது. காட்டித்தான் என்ன? வெறும் ரோட்டில் தனியே ஓடுகிறான். அவனுக்கும் அலுப்பாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டு ஹோலில் கூடிப் பார்க்கிறது நாலு பேர். டைல்ஸ் கடைக்காரன் றமீஸ், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பவன், பாதியில் எழும்பினான். "டைல்ஸ் லொறி வருகுது காக்கா, கடையத் திறக்கணும்." ஞாயிற்றுக்கிழமை இராச்சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சாய்ந்தமருதுக்கு எந்த லொறி வருகிறது? நான் கேட்கவில்லை. மீராமுகைதீன் சேர் வழக்கம்போலக் கதிரையிலேயே தூங்கினார். வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற மனிதர். எழும்பிச் செருப்பைத் தேடும்போது, "இராச்சியமெல்லாம் இப்பிடித்தான் மசூர், விழுற நாள் வரைக்கும் விழாது" என்றார். நல்ல ஆறுதல்.

சுஜிந்தன் மட்டும் கடைசிவரை இருந்தான். ஒரு சொல் கதைக்கவில்லை. அவனும் சலித்துப்போனானோ?

ஏப்ரல் 2

நோன்பு. பந்தயம் பகலில். சாய்ந்து படுத்தவன் எழும்பும்போது முடிந்திருந்தது. பரவாயில்லை என்று இருந்தது.

மே 21, ஞாயிறு

இத்தாலியில் வெள்ளமாம். இன்றைய பந்தயம் இல்லை. செய்தியைக் கேட்டதும் மனதில் முதலில் வந்தது நிம்மதி. அங்கே சனம் வீடிழந்து நிற்கிறது, எனக்கு நிம்மதி! எழுதிவைக்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

ஒரு காலத்தில் இந்த மாதம் எப்படி இருந்தது! ஐரோப்பாவில் பந்தயம் தொடங்கும் நேரமும் எங்கள் ஊரில் மஃரிபு என்ற அந்தித் தொழுகையும் ஒன்றாக வரும் காலம் இது. வண்டிகள் வரிசையில் நிற்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். நான், றமீஸ், சேர் மூவரும் தொழப் போய்விடுவோம். முழுப் பந்தயத்திலும் பார்க்கத் தகுந்தது அந்த முதல் சுற்றுத்தான், அது எங்களுக்குத் தவறிவிடும். எங்கள் வீட்டுப் பெட்டி பதிந்துவைக்கிற வகையும் அல்ல. பாண்டிருப்பிலிருந்து வரும் சுஜிந்தன் இந்து, அவனுக்குத் தொழுகை இல்லை. ஹோலில் தனியே இருந்து பார்ப்பான். நாங்கள் தொழுகை முடித்து ஸலாம் கொடுத்ததும் ஓடிவந்து, வாசலில் நின்றே கேட்போம்: "என்ன நடந்த?"

அவன் சொல்லுவான். சுஜிந்தன் சொல்லும் முதல் சுற்றுக்கு நிகராக எந்தப் பந்தயமும் ஓடியதில்லை.

ஆரம்பத்தில் அவன் இங்கே வந்தது எனக்கு ஆயுள் காப்புறுதி விற்க. டீவியில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. இருந்து பார்த்தான், தேத்தண்ணி குடித்தான், பொலிசியை மறந்துவிட்டான். நான் இன்றுவரை பொலிசி எடுக்கவில்லை.

மே 28, ஞாயிறு

வெள்ளிக்கிழமை தபாலகப் படியில் கால் பிரண்டுவிட்டது. பள்ளிக்குப் போக ஏலாது. மஃரிபை அறைக்குள் கதிரையில் இருந்தே தொழுதுவிட்டு, நொண்டி நொண்டி ஹோல் கதவுக்கு வந்தேன். மொனாக்கோ. சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. சுஜிந்தன் எனக்கு முதுகைக் காட்டி இருந்தான்.

இத்தனை வருடத்தில் இந்த நேரத்துத் தொடக்கத்தை நேருக்கு நேர் பார்ப்பது எனக்கு அபூர்வம். நெஞ்சு கொஞ்சம் அடித்ததும் உண்மை. விளக்குகள் அணைந்தன.

முதலாவதாக நின்றவன் முதலாவதாகப் போனான். இரண்டாவதாக நின்றவன் இரண்டாவதாகப் போனான். அவ்வளவுதான்! பென்சன் நாளில் என் தபாலக யன்னலுக்கு முன்னால் நிற்கிற வரிசையில்கூட இதைவிட இடிபாடு இருக்கும். சுஜிந்தன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தான்.

படலை திறந்த சத்தம். செருப்புச் சத்தம். "என்ன நடந்த? என்ன நடந்த?" றமீசின் குரல்.

சுஜிந்தன் எழும்பினான். அந்த ஆளே வேறு ஆள்.

"ஐயோ றமீஸ், நீ இதப் பாத்திருக்கோணும்! ரெண்டாவதா நிண்டவன் எடுத்தான் பாரு ஒரு எடுப்பு! வலப் பக்கம் வாறன் எண்டு காட்டிப்போட்டு இடப் பக்கத்தால நுழையிறான். மதிலுக்கும் டயருக்கும் நடுவில ஒரு பொலிசிக் கடதாசி விடலாம், அவ்வளவுதான் இடம். முன்னுக்குப் போனவன் விடுவானா? இப்பிடி வந்து மறிச்சான். சேர், நான் கண்ண மூடிட்டன். திறந்தா ரெண்டு பேரும் உயிரோட போறாங்க!"

"அல்லாஹ்!" என்றார் சேர். கையில் தொப்பி. தூக்கம் எங்கே போனதோ!

அப்போதுதான் சுஜிந்தன் என்னைக் கண்டான். முகம் செத்துப்போனது. "காக்கா, நீங்க பள்ளிக்குப் போகல்லயா?"

"கால் ஏலாது" என்றேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். நான் சேரிடம் திரும்பிச் சொன்னேன், "ஓம் சேர், நானும் பாத்தன். மயிரிழையில தப்பினாங்க."

ஏன் சொன்னேன்? தெரியாது. வாயில் வந்துவிட்டது.

அவர்கள் போனபிறகு யோசித்துக்கொண்டு இருக்கிறேன். என் நினைவில் இருக்கிற பெரிய பெரிய தொடக்கங்களில் எத்தனை ஓடியவை, எத்தனை இவன் ஓட்டியவை? கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒன்று தெரிகிறது. நான் இரசித்தது காரை அல்ல போலிருக்கிறது.

ஜூன் 4, ஞாயிறு

மனம் சரியில்லை.

கால் தேறிவிட்டது, பள்ளிக்குப் போனேன். திரும்பும் வழியில் றமீஸ் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடந்தான். இப்போது எல்லாம் உடனுக்குடன் வருகிறது. ஹோலுக்குள் வந்தோம். வழக்கமாகக் கேட்கிறவன் இன்று கேட்கவில்லை, சேர்தான் கேட்டார். சுஜிந்தன் எழும்பித் தொடங்கினான். மூன்றாவது வண்டி, புல்லுக்குள் இரண்டு சில்லு, புழுதி…

"இரு மச்சான், இரு," என்று றமீஸ் ஃபோனை நீட்டினான். "நான் வரக்குள்ளயே பாத்திட்டன். எங்க புல்லு? எங்க புழுதி? காட்டு பாப்பம். நீ சொல்ற ஒண்டுமே இதில நடக்கல்லயே!"

சேர் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் என்ன மயிருக்குச் சிரிச்சன்? எல்லாம் தெரிஞ்ச நான்!

எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தது சுஜிந்தன். "கண்ணாடி மாத்தோணும் போல" என்றான். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, ஒருவரைச் சந்திக்க இருக்கிறது என்று மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

றமீசில் பிழை இல்லை. நடந்ததைக் காட்டினான். எதை உடைத்தான் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு மூன்று பேரும் டீவியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். வெல்கிறவன் வென்றான்.

ஜூன் 18

கனடா. பார்க்கவில்லை. சுஜிந்தனிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

ஜூன் 29, வியாழன் – ஹஜ்ஜுப் பெருநாள்

வீடு முழுக்கக் குர்பான் இறைச்சி. சுஜிந்தன் மாட்டிறைச்சி தின்னமாட்டான். ஆகையால் ஒவ்வொரு ஹஜ்ஜுக்கும் என் மனைவி றுகையா அவனுக்கென்று வேறு சட்டியில் கோழி ஆக்குவாள். கறி வைத்த அகப்பையைக்கூட மாற்றித்தான் கிண்டுவாள். பகல் முழுக்கப் பார்த்தோம். வரவில்லை.

"என்னங்க, சண்டை புடிச்சயளா?"

"இல்ல."

"மறுகா ஏன் அந்தப் புள்ள வரல்ல? பெருநாளைக்கு வராம இரிக்கிற ஆளில்லயே."

சொன்னேன். முழுவதும் சொன்னேன், மொனாக்கோவையும். அவள் சட்டியை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கார் ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? நாளைக்கு இதச் சூடாக்கித் தாறன். கொண்டு போய்க் குடுங்க."

ஜூன் 30, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து பாண்டிருப்புக்குப் போனேன். கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. கோழிச் சட்டியைத் துணியில் கட்டி சைக்கிள் கூடைக்குள் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு. இந்த வயதில் இது தேவையா என்று கல்முனைச் சந்தியில் ஒரு தரம் நினைத்தேன்.

சுஜிந்தன் மாமரத்தடியில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு வாளியை வைத்தான். சட்டியைக் கொடுத்தேன்.

"ரேஸ் எல்லாம் எப்பிடிக் காக்கா?"

"பாக்கிறல்ல."

"நானும்தான்." துணியைப் பிழிந்தான். "அண்டைக்கு நீங்க பாத்தீங்கதானே. மொனாக்கோ."

"ஓம்."

"பொய்யெண்டு ஏன் சொல்லல்ல?"

"நீ சொன்னது நல்லா இருந்திச்சு."

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சில்லைத் துடைத்தான். பிறகு சொன்னான். நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"எனக்கு இந்தக் கார் ஓட்டம் எப்பவோ விட்டுப்போச்சு காக்கா. அஞ்சாறு வருசம் இருக்கும்."

"பிறகென்னத்துக்கு வந்த நீ, ஞாயிறு தவறாம?"

"நான் தெருவில வந்தா ஆக்கள் வேலிக்குப் பின்னால ஒளிக்கிறாங்க, பொலிசிக்காரன் வாறான் எண்டு. கதைக்க வாயத் திறந்தா, பிறகு வாங்க எண்டு கையக் காட்டுறாங்க. வீட்டிலயும் அப்பிடித்தான். மனிசிக்கு டியூசன், மகளுக்கு ஃபோன். நான் சொல்றதக் கேக்க எண்டு ஓடி வாற ஆக்கள் இந்த உலகத்தில நீங்க மூண்டு பேர்தான். மூச்சு வாங்க வாங்க வந்து, 'என்ன நடந்த'ண்டு என்னட்டக் கேட்டீங்க. அதுக்குத்தான் வந்தன். ஒண்டும் நடக்கல்ல எண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்ற?"

"கோழி ஆறுது, எடுத்து வை" என்றேன். அறிவுள்ள மனிதன் சொல்கிற பதிலா அது? படலைவரை வந்தான். வருகிறேன் என்று சொல்லவில்லை. வா என்று நானும் கேட்கவில்லை. நாலு சொல் கேட்டால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஊர் வந்து சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 9

றமீசும் வரவில்லை, சேருக்கு இருமல். தனியே இருந்து பார்த்தேன். பாதியில் நிறுத்தினேன்.

ஜூலை 16, ஞாயிறு

டீவிச் சந்தா முடிந்துவிட்டது. திரையில் ஒரு அறிவித்தல், அதற்குப் பின்னால் கறுப்பு. புதுப்பிக்கவில்லை.

"ஏன், சுகமில்லயா?" என்று கேட்டு றுகையா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இருபது வருடமாக, சமையலறையில் எண்ணெய் முடிந்தாலும் இந்தச் சந்தா முடியவிட்டதில்லை நான்.

துக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். துக்கம் இல்லை. களைப்பு. எப்போதோ தீர்ந்துபோன ஒன்றை, தீரவில்லை தீரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்த களைப்பு. பந்தயம் போகட்டும். அது போனால் வேறு ஒன்று. சுஜிந்தன் போனால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஜூலை 22, சனி

அழைத்தேன். "நாளைக்கு வா" என்றேன். "டீவி வேலை செய்யாது. சந்தா கட்டல்ல."

அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிற சத்தம். பிறகு கேட்டான், "எத்தினை மணிக்குத் தொடங்குது?"

"எப்பவும் தொடங்குற நேரம்தான். மஃரிபுக்கு முந்தி வந்திரு."

ஜூலை 23, ஞாயிறு

வந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு. றமீசுக்கும் சொல்லியிருந்தேன், வரவில்லை. அவன் இனி வருவான் என்றும் தோன்றவில்லை. டீவி ஓடாது என்று சேரிடம் சொன்னேன். "நல்லம், கண்ணுக்குச் சுகம்" என்றார்.

பாங்கு சொன்னது. நாங்கள் எழும்பினோம். சுஜிந்தன் தன் கதிரையை வழக்கமான இடத்துக்கு இழுத்து, கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்தான்.

தொழுகை முடிந்து படியிறங்கினோம். எழுபது வயது சேர் எனக்கு முன்னால் நடந்தார். நானும் எட்டி வைத்தேன். வீட்டு வாசலுக்கு வரும்போது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"என்ன நடந்த?" என்று கேட்டேன்.

சுஜிந்தன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்ல எழும்பினான்.

"மழை காக்கா" என்றான். "வண்டியள் வந்து நிண்ட உடனயே மழை. இருபது பேரும் என்ன டயர் போடுறதெண்டு தெரியாம முழிக்கிறாங்க. கடைசியா நிக்கிற ஒருத்தன் மட்டும் வானத்தப் பாத்திட்டுச் சிரிக்கிறான்…"

சேர் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார். குசினிக்குள் றுகையா குழாயைப் பூட்டியது கேட்டது. கடைசியில் நின்றவன் ஒவ்வொருவராகக் கடந்து வந்தான். ஒவ்வொருவரையும் எப்படிக் கடந்தான், எந்த வளைவில், கடக்கும்போது மற்றவன் முகம் எப்படி இருந்தது, எல்லாம் சொன்னான். முதல் சுற்று இன்னும் முடியவில்லை, இராத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டது.

நானும் சேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றான் சுஜிந்தன். கதிரையைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தான். "நான் பாத்துவெச்சிச் சொல்றன்."