நான்காவது முடிச்சு

பெப்ரவரி 12, வியாழன்

காலையிலிருந்தே வாடைக்காற்று. கந்தோரில் மேசை, பைல் எல்லாம் மணல். துரை ஊர் ஊராகப் பார்வையிட சர்க்கீட் போய்விட்டார், பாதி வேலைதான்.

ஞாயிறு குஸ்திக் களத்தில் முடிச்சு நாள். குஸ்தி பழக்கும் உஸ்தாது தன் கையால் எங்கள் கச்சை நுனியில் போடுகிற முடிச்சுதான் பட்டம். பரீட்சை கிடையாது, காகிதம் கிடையாது. ஆறு வருடத்தில் எனக்கு மூன்று. நான்காவது விழுந்தால் பிறருக்குப் பழக்கலாம். இம்முறை விழும், விழ வேண்டும். இடது முழங்கால் வலி. நல்லெண்ணெய் வாங்க.

பெப். 13, வெள்ளி

தலையில் இடி. வீட்டுக்காரி மரியா கச்சையைத் தோய்த்துவிட்டாள். தோய்த்தது பரவாயில்லை, மூன்று முடிச்சையும் அவிழ்த்துவிட்டாள்!

"இஞ்சாருங்கோ, முடிச்சுக்குள்ள எல்லாம் ஊத்தை. அவிழ்த்துத்தானே தோய்க்கவேணும்?"

தன் முடிச்சை எவனாலும் அவிழ்க்க முடியாது என்பது உஸ்தாதின் பெருமை. இவளோ அரிப்புக் கிராமத்தில் வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளை. கத்தினேன். பிறகு வெட்கமாக இருந்தது.

பெப். 14, சனி

நானே மூன்று போட்டுப் பார்த்தேன். கொழுக்கட்டை மாதிரி. உஸ்தாது ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். அவிழ்த்தேன். பொய் முடிச்சோடு நிற்பதைவிட மொட்டைக் கச்சையோடு நிற்கலாம்.

எண்ணெய் மறந்துபோனேன்.

பெப். 15, ஞாயிறு

பூசை முடிந்து நேரே களம். முடிச்சில்லாதவனுக்குக் கடைசி இடம். முடிச்சுக் குறைந்தவன்தான் முதலில் சலாம் வைக்க வேண்டும். கடைசியில் போய் நின்றேன்.

எனக்கு ஜோடி ரயில்வே கபீர், அவனுக்கு இரண்டு முடிச்சு. நான் கை தூக்குமுன் அவன் குனிந்து சலாம் வைத்துவிட்டான்.

"நீங்கள் முந்தி வைக்கப்படாது அண்ணன்."

அவனுக்குப் பின் மற்றவர்களும், ஒவ்வொருவராக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பிடி எனக்கு, ஒன்று கபீருக்கு.

உஸ்தாது கூப்பிட்டார். "முடிச்செங்கை?"

"வீட்டுக்காரி அவிழ்த்துப்போட்டா, உஸ்தாது."



"மூண்டையுமா? கத்தி வைக்காமலா?"

"ஓம். விரலாலைதான்."

கச்சையை வாங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. கை நிற்கவில்லை. நான்கு!

"முடிச்சில்லாமலே சலாம் வாங்கினீர். அதுக்கு இது."

பிறகு ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய முடிச்சொன்று போட்டார்.

"இதை அவவிட்டைக் குடும். அவிழ்க்கட்டும் பாப்பம்."

பெப். 16, திங்கள்

காற்றுத் தணிந்துவிட்டது. கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் உஸ்தாதின் கயிறு, முடிச்சவிழ்ந்து நேராக.

"இதென்ன முடிச்சு? நண்டு சிக்கின வலை இதைவிடக் கஷ்டம்."

எனக்குச் சிரிப்பு. என் நான்கைவிட இது பெரிது போலிருந்தது. கயிற்றைச் சட்டைப் பையில் வைத்தேன், கபீருக்குக் காட்ட.

"கச்சையையும் தாங்கோ, வேர்வை நாறுது."

கச்சையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பு என் மடியில்.