தொங்கிப் பார்த்த பெல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

இங்கே உயரத்தில் ஏறி வேலை செய்பவர்களுக்குத் தோல் பெல்ட் தைக்கிறோம். நேற்று துளை போடும் ‘பஞ்ச்’ கருவியை என்னையே பார்த்து எடுக்கச் சொன்னார் மேஸ்திரி. பக்கிள் முள் சுலபமாக நுழையட்டும் என்று ஒரு அளவு பெரியதை எடுத்தேன். போட்டு முடித்ததும், “துளை போட்டவன்தான் முதல்ல மாட்டிக்கிட்டுத் தொங்கணும், இங்க அதான் வழக்கம்” என்றார். துளை பெரிதானால் தோலின் பலம் குறையுமே என்று அப்போதுதான் உறைத்தது. உத்தரத்தில் தொங்கினேன். சிரிக்காதீர்கள், எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். பெல்ட் தாங்கியது.

உண்மையான பயம் பிறகுதான் வந்தது. பழுதுபார்க்க வந்த பெல்ட் ஒன்றில் யாரோ ஆணியைக் காய்ச்சித் துளை போட்டிருந்தார்கள். மேஸ்திரி கையால் இழுத்ததுமே கருகிய இடம் கிழிந்துவிட்டது.

இடுப்பு இளைத்துவிட்டதென்று நீங்களும் உங்கள் பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சித்தானே துளை போட்டீர்கள், அப்பா? அதைக் கட்டிக்கொண்டுதானே சாரத்தில் நின்று பெயின்ட் அடிக்கிறீர்கள்?

அம்மாவிடம் சொல்லி, உங்கள் இடுப்பளவுக்கு ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். புதிதாகத் தைத்து, நானே தொங்கிப் பார்த்து அனுப்புகிறேன். அதுவரை பழைய பெல்ட்டை நம்பிச் சாரத்தில் ஏறாதீர்கள்.

போன் செய்தால் நீங்கள் எடுக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் நண்பர் வாசலில் நிற்கிறார். நீங்கள் சாரத்தில் இருந்தால், மேலேயே படித்துப் பதறிவிடாமல், கீழே இறங்கிய பிறகுதான் இந்தக் கடிதத்தைக் கையில் கொடுக்கச் சொல்லி அவரிடம் தருகிறேன்.

உங்கள் சின்னவன்