ஈரம் ஏறாத வீடு

என் பிரியமான அண்ணனுக்கு,

வீடு முடிந்துவிட்டது. இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் உனக்கு எழுதுகிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் கை ஓடவில்லை அண்ணே.

இதைப் படிப்பவர்களில் உன்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நீ மாட்டு டாக்டர். பூதலூரைச் சுற்றி நீ போகாத கொட்டகை இல்லை. கன்று வயிற்றுக்குள் திரும்பிக்கொண்டது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். தாயையும் கன்றையும் பிழைக்க வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது, வைக்கோல் கட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது, கண்ணாடியில் வரைந்த அந்தப் படம். மடியில் கண்ணனை வைத்திருக்கும் யசோதை. "பழசு டாக்டர், போட இடம் இல்ல. வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். துண்டால் மாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டூவீலரில் வந்து இறங்கினாயே, அதுதான் முதல் படம்.

அதற்குப் பிறகு உனக்கு அதுவே வேலையாகிவிட்டது. இடிக்கிற வீடு, பூட்டிக் கிடக்கிற வீடு, பரண், மாட்டுக்கொட்டகை. தஞ்சாவூர் சந்தில் உங்கள் வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் பழைய வேட்டி சுற்றிய படங்கள். இந்தப் படங்களில் வண்ணம் கண்ணாடியின் முதுகில் இருக்கும். நாம் முன்பக்கம் நின்று பார்ப்போம். முதுகில் ஈரம் ஏறினால் வண்ணம் பொருக்காகப் பெயர்ந்து உதிர்ந்துவிடும். ஈரத்துக்குப் பயந்து நீ தூங்காமல் கிடந்ததை அண்ணி சொல்லியிருக்கிறார்கள்.

கட்டடக்கலை படித்த தங்கை ஒருத்தி இருக்கும்போது வேறு யாரிடம் போவாய்? "நம்ம களத்துமேட்டுல ஒரு வீடு போட்டுக் குடு மதி. மொதல்ல படம், அப்புறம் மனுஷங்க" என்றாய். சுற்றிலும் நெல் வயல், வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கிற களிமண். அந்த இடத்தில் ஈரம் ஏறாத ஒரு கூடம் வேண்டும் உனக்கு. வீட்டுக்குள் வீடு மாதிரி வரைந்தேன். நடுவில் படக்கூடம், அதைச் சுற்றி நடை, அதற்கு வெளியேதான் மற்ற அறைகள். மழை அடிக்கிற சுவரில் ஒரு படமும் தொங்காது. வடக்கே உயரத்திலிருந்து மட்டும் வெளிச்சம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக மரக்கட்டை. குளியலறைக் குழாய்களைக்கூட அந்தப் பக்கம் வரவிடவில்லை நீ.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. முன்னறையில் மேற்கே, வயலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தானே. "மேற்கு வெயிலும் சாரலும் நேரா உள்ள வரும், படத்துக்கு ஆகாது" என்றாய். "படத்துக்கு ஆகாதுன்னா சரி. எனக்கு எது ஆகும்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். நீயும் சிரித்தாய். ஜன்னல் வரைபடத்தில் ஏறவில்லை.

தளம் போட்டுத் தண்ணீர் கட்டியிருந்த சமயத்தில் உனக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ பேசியதும் சுவரைப் பற்றித்தான். "புதுச் சுவர் மதி. ஒரு கோடை முழுசா காயணும். அவசரப்பட்டு மாட்டிடாத." சரிண்ணே என்றேன். மறுநாள் நீ இல்லை. வேறு ஏதாவது கேட்டிருக்கலாமே நான்? வலிக்கிறதா என்றாவது?

வேலை அப்படியே நின்றது. அண்ணி உங்கள் மகள் கயலைக் கூட்டிக்கொண்டு கூத்தாநல்லூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். களத்துமேட்டில் பூசாத சுவர்கள் மட்டும் நின்றன. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐப்பசி அடைமழையில் வாடகை வீட்டு மாடி ஒழுகியிருக்கிறது. பூட்டின வீடு, யாருக்கும் தெரியவில்லை. அண்ணி திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பீரோவுக்குப் பின்னால் தண்ணீர். மற்றவை எப்படியோ தப்பித்தன. யசோதை தப்பவில்லை. நான் போனபோது அண்ணி படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யசோதையின் முகமும் குழந்தையின் கையும் பெயர்ந்து, சட்டத்தின் அடியில் தவிடு மாதிரி கிடந்தன. உன் காரியத்தில்கூட அப்படி அழாதவர்கள் அன்றைக்கு அழுதார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டை முடிச்சிடு மதி. ஆனா எனக்கு அந்த ஜன்னல் வேணும்" என்றார்கள்.

நீ ஒத்துக்கொண்ட வரைபடம் அது. நீ இல்லாத நேரம் பார்த்து அதில் கை வைப்பதா? வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். கடைசியில், வெயிலும் சாரலும் முன்னறையைத் தாண்டாதபடி கூடத்தின் வாசலைத் திருப்பினேன், கனமான கதவு வைத்தேன், ஜன்னலுக்கு மேல் அகலமாக நிழல்தளம் நீட்டினேன். அதனால் கூடத்தில் நீ ஆசையாகக் கேட்ட நீளச் சுவர் பாதியானது. அதை எப்படி உன்னிடம் சொல்வது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லையோ என்னவோ.

தை மாசத்தில் முன்னறையின் மேற்குச் சுவரை உடைத்தார்கள். முதல் செங்கல் பெயர்ந்ததும் ஓட்டை வழியே வயல் தெரிந்தது. அறுப்புக்குத் தயாரான சம்பா, தலை சாய்ந்து நின்றது. அண்ணி மணல் குவியலில் உட்கார்ந்து, சுவர் முழுதாகத் திறக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.

நீ சொன்னபடி கோடை முழுக்கக் காயவிட்டோம். ஆடியில் உன் தலைத்திவசம் முடிந்தது. ஆவணியில் பால் காய்ச்சிக் குடி போனார்கள். விருந்து, மேளம் எதுவும் இல்லை. படம் மாட்டுகிற அன்று நான் வரைபடத்தோடு போனேன். அண்ணிக்கு அது தேவைப்படவில்லை. "இது பசுவப் பாம்பு தீண்டின வீட்டுப் படம். இத நடுவுல மாட்டு, உங்க அண்ணனுக்குப் பிடிச்சது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நீ எல்லாக் கதையையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். எனக்குப் பாதிகூடத் தெரியாது.

யசோதையை எடுத்து வைத்துவிடலாம் என்றேன்.

"எதுக்கு? இதுக்கு இனிமே வெயிலும் ஒண்ணுதான், மழையும் ஒண்ணுதான்" என்று சொல்லி, அண்ணி பின்பலகையைக் கழற்றிவிட்டு அதை அந்த மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டார்கள். முகம் இருந்த இடத்தில் இப்போது வயல் தெரிகிறது.

கயல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா இருந்திருந்தா இந்த ஜன்னலுக்கு ஒத்துக்கிட்டிருப்பாங்களா அத்தை?" என்று கேட்டாள். நீயே சொல்லு, ஒத்துக்கொண்டிருப்பாயா? நீ ஒத்துக்கொள்ளாமல் இரண்டு பேரும் பேசாமல் இருந்து, நான் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்திருந்தால்கூட எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மறுபடி ஐப்பசி வந்துவிட்டது. நேற்றெல்லாம் விடாத மழை. இன்று காலை களத்துமேட்டுக்குப் போய், கூடத்தில் ஒவ்வொரு படமாக இறக்கி, பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது. ஒன்றில்கூட ஈரம் இல்லை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டியதும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் இனி நான் வருவேன் அண்ணே. உன் படங்களைத் தொட்டுப் பார்ப்பேன். அதோடு திரும்பிவிட மாட்டேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
மதி