எழுபத்தைந்து கிலோமீட்டரும் உன் அக்காவின் ரத்தமும்

கே.கே. நகர், மதுரை
பிப்ரவரி 9

அன்புள்ள மாப்ள மருதுவுக்கு,

உன் மச்சான் பசுபதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பட்டாளத்தில் நீ இருக்கும் லடாக்கில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று மாமா சொன்னார், உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொல்ல எனக்கு நா எழாது. அதனால்தான் கடிதம்.

நேற்று உன் அக்கா முத்துத்தாய் எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓடி முடித்தாள். சோழவந்தானில் தொடங்கி வைகைக் கரையோரமாகப் போய்த் திரும்பும் ஓட்டம். ஒன்பது மணி நாற்பது நிமிடம். பெண்களில் மூன்றாவது. கடைசித் திருப்பத்தில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் ரோட்டுக்கே வந்து, "நம்ம ஊருப் பிள்ளடா" என்று கைதட்டினார்கள். நான் அழுதுவிட்டேன்.

போன வருஷத்து விஷயம் ஒன்று உனக்குத் தெரியாது. ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த அன்று அவளுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மறுநாள் லேபில் நானே ரத்தம் எடுத்தேன். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரியாகத்தான் இருந்தது. "ஒண்ணுமில்ல, ஓடு" என்றேன். அடுத்த மாதம் அவனியாபுரம் ரோட்டில் மயங்கி விழுந்தாள்.

டாக்டரம்மா திட்டியது என்னைத்தான். நெடுந்தூரம் ஓடிய கையோடு எடுத்தால் அந்த அளவு கூடுதலாகக் காட்டுமாம்; சில நாள் ஓய்வுக்குப் பிறகுதான் எடுக்கணுமாம். அப்படி எடுத்தோம். முப்பதாவது இருக்க வேண்டிய ஃபெரிட்டின் வெறும் ஒன்பது. ஹீமோகுளோபின் எட்டரை. பாதம் தரையில் மோத மோதச் சிவப்பணுக்கள் உடைகின்றன; அன்று சிறுநீரில் போனது அதுதான். வேர்வையிலும் குடலிலும் கொஞ்சம் இரும்பு போகிறது. ஓடி முடித்துச் சில மணி நேரம் உடம்பு இரும்பைச் சரியாக ஏற்பதுமில்லை. பதினாறு வருஷம் லேபில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை.

அந்த ரிப்போர்ட் வந்த அன்று பயத்தில் உனக்குப் போன் போட்டேன். அவள் விழுந்ததைச் சொன்னேன், என் தப்பைச் சொல்லவில்லை. நீ அவளிடம், "பிள்ள பெத்தவளுக்கு எதுக்கு இம்புட்டு ஓட்டம்" என்று கேட்டாய். அதோடு உங்கள் பேச்சு நின்றது.

ஐந்து மாதம் அவள் ஓடவில்லை. காலையில் இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாறு. இரும்பு உடம்பில் சேர விடாது என்பதால் உயிராக இருந்த காப்பியை விட்டாள். பி.டி. டீச்சரான அவள், பள்ளியில் விசிலோடு மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கிலோமீட்டர், இரண்டு என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாதமும் ஓய்வு கொடுத்து நான் ரத்தம் எடுத்தேன். போன வாரம் ஃபெரிட்டின் ஐம்பத்தெட்டு, ஹீமோகுளோபின் பதின்மூன்று. ரிப்போர்ட்டை டாக்டரம்மாவிடம் நீட்டும்போது பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எனக்கு.

நேற்று ஓடி முடித்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். "அவனுக்குச் சிக்னல் இருக்காது" என்று அவளே சொல்லித் திருப்பித் தந்தாள்.

மாப்ள, கோபத்தை என்மேல் வை. மீனாட்சியம்மன் உனக்குத் துணை இருப்பாள். அக்காவைக் கூப்பிட்டால் ரத்தத்தைப் பற்றிக் கேட்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி ஓடினாய் என்று கேள். எழுபத்தைந்து கிலோமீட்டரையும் சொல்வாள், கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் மச்சான்
பசுபதி